சுவருக்கு மேலே ஒரு முழம்

2024 ஜூன் 2, ஞாயிறு

விடாத மழை. நேற்று இரவுப் படம் குப்பை.

கதாநாயகன் வாயைத் திறக்காமலே பேசுகிறான். ஒரு சொல்லாவது முழுசாக வெளியே வரவேண்டாமா? பாதி பல்லுக்குள் நிற்கிறது, பாதி தாடிக்குள். இவனுக்கு நான் வைத்த பெயர் விழுங்கி. நடிகர், பாடகர் எவருடைய உண்மைப் பெயரையும் நான் எழுதுவதில்லை. பதினாறு வயதில், கான்வென்ட் விடுதியில், கேத்திரகணிதக் கொப்பியின் அட்டையில் ஓர் ஆங்கில ராக் பாடகனின் பெயரை எழுதினேன். சிஸ்டர் பெர்னடெட் கையில் பிளேடைக் கொடுத்து, வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க அதைச் சுரண்ட வைத்தார். அன்றிலிருந்து பட்டப்பெயர்தான்.

படத்தில் தேறியவன் புது வில்லன் ஒருவன்தான். ஒரு வருடமாகத்தான் படங்களில் வருகிறான். குட்டையான ஆள், தொப்பை, முன்வழுக்கை. ஆனால் குரல்! அவன் வெண்கலம்.

காலையில் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வீரம்மா வந்தாள். வழக்கம்போல இஸ்தோப்புத் திண்ணைப் படியோடு நின்றுகொண்டாள். தேயிலைக் கொழுந்தெடுத்தே முழங்கால் தேய்ந்துபோய் இப்போது வீட்டில் இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும்.

"என்னாங்க கிளாக்கரம்மா, கோர்ட்டுல அந்த வில்லன் பேசுனானே பேச்சு! அந்தக் கொரலுக்கே அவன விட்டுறலாங்க."

"விட்டுவிட்டால் படம் எப்படி முடியும்?"

"முடியாட்டி என்னா? நாளைக்கும் பேசுவான்ல."

வீரம்மாவுக்கு ரசனை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றப் பெண்களைப் போலச் சேலை, நகை, கதாநாயகியின் மூக்கு என்று பேசமாட்டாள். குரல், வசனம், பாட்டு. அதோடு சரி. படிக்காத ஒருத்திக்கு இது பெரிய விஷயம்.

ஜூன் 5, புதன்

கருவாடு. காலை ஆறு மணிக்கு யார் கருவாடு பொரிப்பார்கள்?

லயத்துச் சுவர் கூரைத் தகரம்வரை போவதில்லை. மேலே ஒரு முழம் வெளி. அடுத்த காம்பராவில் பொரிப்பதெல்லாம் அதன் வழியே என் சாமிப் படத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. கிளாக்கர் குவாட்டர்ஸில் மரத்தால் சீலிங் அடித்திருந்தது. தோட்டத்துக் கிளாக்கராக இருந்த என் கணவர் இறந்ததும் குவாட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. துரை பெரிய மனது பண்ணி, முன்பு மேற்பார்வைக்காரர் கண்டாக்கையா இருந்த இந்த இரண்டு அறைகளைத் தந்தார். லயத்தின் கடைசி. தனி வாசல், தனி இஸ்தோப்பு. இருந்தாலும் லயம் லயம்தான்.

கண்டிக்கு வந்துவிடுங்கள் என்கிறாள் டிலானி. மகள் வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கும்? அதை யோசித்தே போகவில்லை. எழுதிவிட்டுப் பார்த்தால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது. எழுதியதை அடித்துவிடப்போவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு

நான்கு மணிக்கு ராக். ஜனார்த்தனன் கனடாவிலிருந்து வந்தபோது வாங்கி மாட்டிய டீவியில் உலகத்தில் உள்ள கச்சேரியெல்லாம் வருகிறது. மகனுக்கு அதற்காக நன்றி. வேறு எதற்கும் அவன் நேரம் வைத்ததில்லை.

என் அபிப்பிராயம் மாறவில்லை. ஒரு குழு நல்லதா கெட்டதா என்பதை டிரம்காரன்தான் முடிவு செய்கிறான். பாடகன் வெறும் முகம். நீளமான கிட்டார் தனி ஆவர்த்தனம் என்பது எழுந்திருக்கத் தெரியாத விருந்தாளி. கண்ணுக்கு மை பூசிக்கொண்டு மேடையில் நெருப்பு விடுகிறவர்களைப் பற்றி நான் பேசவே தயாரில்லை. அறுபதுகளின் நான்கைந்து லண்டன் குழுக்களோடு எல்லாம் முடிந்தது; அதற்குப் பிறகு வந்தது சத்தம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பழைய பாட்டுகளைக்கூட இப்போது மழுங்கடித்துப் போடுகிறார்கள். சிம்பல் என்று ஒன்று இருந்ததே, அந்தப் பித்தளைத் தட்டு? எங்கே போயிற்று? எல்லாம் கம்பளிக்குள் வைத்து அடித்த மாதிரி இருக்கிறது. புதுப்பிக்கிறோம் என்று சொல்லிப் பாழாக்கிவிட்டார்கள்.

இவர் இருந்தவரை நாற்பது வருடம் சத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தேன். "சீதா, தலைவலி" என்பார், அவ்வளவுதான். இப்போது யாருக்கும் தலை வலிக்கப் போவதில்லை.

சாயந்தரம் வீரம்மாவின் புருஷன் கந்தப்பன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டும்போது வாய்க்குள் ஏதோ முனகினார். டும் – டும் டும் – டா. நான்கு மணிக்கு நான் போட்ட பாட்டின் பேஸ் கிட்டார், அச்சொட்டாக. கந்தப்பன் எங்கே கேட்டிருப்பார்? தற்செயலாக இருக்கும்.

ஜூன் 15, சனி

டிலானி வந்தாள். வாசலில் கால் வைத்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா! கீழே பஸ் நிற்கிற இடம்வரை கேட்குது."

"நாடகம் ஆடாதே."

"சத்தியமா. டிரைவர்கூடச் சிரிச்சான்."

ரிமோட்டைப் பிடுங்கிக் குறைத்தாள். திரையில் விழுங்கி வாயை அசைத்துக்கொண்டிருந்தான். "இப்ப என்ன சொன்னான், சொல்லுங்க" என்றாள் – பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளையை எழுப்பிக் கேட்பதைப் போல. அவன் சொன்னால்தானே நான் சொல்ல? "பேசத் தெரியாதவனை நடிக்கவிட்டால் இப்படித்தான்" என்றேன்.

"எனக்குக் கேட்டதே அம்மா" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். அது எனக்குக் கேட்டது.

ஜூன் 18, செவ்வாய்

டிக்கோயா ஆஸ்பத்திரி. டிலானி லீவு போட்டுவிட்டு நின்றாள், தப்பிக்க முடியவில்லை. டொக்டர் சின்ன வயதுக்காரர். சிங்களத்தில் கேட்டார், நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். வாயைத் திறந்து பேசும்படி அவரிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவர் டிலானியைப் பார்த்தார். டிலானி நிலத்தைப் பார்த்தாள்.

கீச்சென்ற ஒலிகள் எல்லாம் போய்விட்டனவாம். பறவைகள், மணிகள், 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகள். தடித்த குரல் கேட்கும், மெல்லியது கேட்காது. இந்த வயதில் இது சாதாரணமாம். இரண்டு காதுக்கும் கருவி போடச் சொன்னார்.



ஜூன் 19, புதன்

போடமாட்டேன்.

ஜூன் 29, சனி

டிலானி கண்டியிலிருந்து ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். கருவி இல்லை – கெட்டிக்காரி. வயர் இல்லாத ஹெட்போன். "காதுக்கில்லம்மா, பாட்டுக்கு" என்று போனில் சொன்னாள். பாட்டுக்கு என்றால் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. மாட்டினால் டீவி வாயை மூடிக்கொள்கிறது. எல்லாம் காதுக்குள் வருகிறது.

விடுதி ரேடியோவில் கேட்ட அந்தப் பழைய பாட்டைப் போட்டேன்.

ட்ஸ். ட்ஸ். ட்ஸ்.

சிம்பல். இருக்கிறது. இத்தனை நாளும் இருந்திருக்கிறது. கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலிகூட. இரண்டாவது அடிக்கு முன்னால் பாடகன் மூச்சை இழுக்கிறான். அதை நான் கடைசியாகக் கேட்டது எப்போது?

யாரும் எதையும் பாழாக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

இரவு விழுங்கியின் பழைய படம். ஒவ்வொரு சொல்லும் முத்துமுத்தாக வருகிறது. நல்ல நடிகன்தான். பெயரை மாற்ற வேண்டும். இப்போது வேண்டாம், களைப்பாக இருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

வீரம்மா வந்தாள். படியில் நின்று ஒருமாதிரியாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சனிக்கெழம படம் போடலீங்களா?"

"போட்டார்களே. முழுக்கப் பார்த்தேன். நீ பார்க்கவில்லையா?"

என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "தூங்கிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஒன்பது மணிக்கு முன் அவள் தூங்கி நான் அறியேன்.

ஜூலை 6, சனி

நல்ல படம். வெண்கலம் தன் மகளுக்கு முன்னால் பொய் சொல்கிற இடம் – குரலைத் தாழ்த்தி, கிட்டத்தட்ட மூச்சாலேயே பேசுகிறான். முன்பென்றால் தவறவிட்டிருப்பேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எட்டிப் பார்த்தேன். வெளியே பனி மூட்டம் மட்டும்.

காலையில் வீரம்மா வருவாள், சொல்லலாம்.

ஜூலை 7, ஞாயிறு

வரவில்லை.

ஜூலை 10, புதன்

இன்றும் இல்லை. கருவாட்டு வாசனை மட்டும் வந்தது.

கந்தப்பன் வாசலைக் கடந்து போனார். கும்பிட்டார், ஆனால் நிற்கவில்லை. இவர்களுக்கு நான் என்ன செய்தேன்? நாகரிகமாகத்தானே நடந்துகொள்கிறேன்? முன்னைப் போலச் சத்தம்கூட இல்லையே.

ஜூலை 14, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது, போகட்டும்.

மழையில் மேல் குழாய் அடைத்துவிட்டது. நானே வாளியை எடுத்துக்கொண்டு லயத்துப் பொதுத் தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். வீரம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தன் குடம் பாதி நிரம்பியதோடு எடுத்து ஒதுக்கி, "நீங்க புடிங்க" என்றாள். அதுதான் எனக்குக் கோபம் மூட்டியது. அப்படி ஒரு மரியாதை.

"என்ன வீரம்மா, இரண்டு வாரமாக ஆளையே காணோம்?"

"வந்து என்னாத்தப் பேசுறது? படம் பாத்தவங்க பேசணும். நாங்க எங்க பாத்தோம்?"

"உன் வீட்டில் டீவி இருக்கிறதே."

சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "போன வருசம் சித்திரையில மின்னல் அடிச்சதே, அன்னைக்கே அது பொகஞ்சு போச்சுங்க. மேல சாமி படம் வச்சிருக்கேன்."

எனக்குப் புரியவில்லை. அப்படியானால் இந்த ஒரு வருடமாக நாங்கள் பேசியதெல்லாம்? கோர்ட் காட்சி? வில்லன்?

"உங்க டீவிதாங்க எங்க டீவி. செவத்துக்கு மேல வருதுல்ல. எட்டு மணிக்கு நாங்க சோத்தத் தின்னுட்டு, வெளக்க அணச்சிட்டு, பேசாம படுத்துக் கேப்போம். இந்தாளு இருமுனாக்கூட நான் அடிப்பேன். நாலு மணிக்கு உங்க வெள்ளக்காரன் பாட்டு வேற. மொதல்ல தல வலிச்சிச்சு. அப்பறம் பழகிருச்சு. அந்த மேளக்காரன் நல்லாத்தான் அடிக்கிறான். நிறுத்தத்தான் தெரியல."

கந்தப்பன் பின்னால் நின்று, "போதும் புள்ள, விடு" என்றார். அவள் விடவில்லை.

"இப்ப திடீர்னு அடைச்சிட்டீங்க. சரி, உங்க டீவி, உங்க இஷ்டம். நாங்க ஓசியில கேக்குறது தெரிஞ்சு போச்சுபோலன்னு நெனச்சோம்."

நான் ஹெட்போனைப் பற்றிச் சொன்னேன். என் காதைப் பற்றி – சொல்ல வேண்டியதாயிற்று. பீலியில், எல்லோரும் பார்க்க. அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அது லயத்துக்கே தெரியுமுங்க. நீங்க சத்தத்தக் கூட்டக் கூட்ட எங்களுக்கு நல்லதாப் போச்சு. காது கேக்கலன்னு யாரு வந்து உங்ககிட்ட சொல்லுறது?"

தெரியுமாம்! எல்லாருக்கும்! எனக்கு மட்டும் தெரியாது!

"டீவி கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே, வீரம்மா?"

குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "சொன்னா என்னா சொல்லுவீங்க? 'வா, கீழ ஒக்காந்து பாரு'ம்பீங்க. அதுக்கு எங்க வீட்டுல, எங்க பாயில படுத்து, செவத்துக்கு மேல கேக்குறது மரியாத."

வாளி நிரம்பி வழிந்து என் காலை நனைத்தது. நான் கவனிக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

சொல்லியிருப்பேன். அதே சொற்களைத்தான்.

வாசனை இந்தப் பக்கம் வருகிறது என்று எத்தனை தரம் முகம் சுளித்திருக்கிறேன். அதே ஒரு முழ வெளியால் அந்தப் பக்கமும் ஏதோ போகும் என்று தோன்றவே இல்லை. அவள் முகங்களைப் பற்றிப் பேசாததை ரசனை என்று நினைத்து, மனதுக்குள் சான்றிதழும் கொடுத்து வைத்திருந்தேன்.

யாரோடு பேசினேன் இந்த ஒரு வருடம்? கணக்குப் பார்த்தால் அவளோடு மட்டும்தான். டிலானி சனிக்கிழமை போன் பண்ணுவாள். அதுவும் படம் தொடங்குவதற்கு முன் வைத்துவிடுவேன்.

ஜூலை 16, செவ்வாய்

போனேன். முதல் தடவையாக அவள் வாசலில் நின்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை எட்டு மணிக்கு வெண்கல – அந்த வில்லனின் புதுப் படம். வந்து பார்."

"எங்கீங்க ஒக்கார்றது?"

என் முன்னறையில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது, ஒன்று இவருடையது, ஒன்று வருகிற துரைமாருக்கு. நான் ஒரு கணம் யோசித்தேன். ஒரு கணம்தான்.

அவள் அதைக் கண்டுவிட்டாள். "முழங்கால் மடங்காதுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள். தவிடு பறந்து என் சேலையில் விழுந்தது. வேண்டுமென்றேதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூலை 20, சனி

எட்டு மணி. ஹெட்போனை எடுத்து, பார்த்து, பெட்டிக்குள் வைத்தேன். ரிமோட்டை அமுக்கினேன், அது போகிற மட்டும்.

என் தலையே அதிர்ந்தது. ஆனாலும் பேச்சு மறுபடி கம்பளிக்குள் போய்விட்டது. விழுங்கி பழையபடி விழுங்கினான். சிம்பல் இல்லை. ஹெட்போனில் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அதைக் கழற்றிவைத்துவிட்டு உட்காருவது – இதைத் தியாகம் என்று எழுதமாட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது. பாதிப் படத்துக்கு யார் யாருக்கு மகன் என்றே தெரியவில்லை.

சுவருக்கு அப்பால் கேட்கிறார்களா, இல்லை வீம்புக்குத் துணியை வைத்துக் காதை அடைத்துக்கொண்டார்களா? எனக்கு எப்படித் தெரியும்? அங்கிருந்து வருவது எதுவும் எனக்குக் கேட்காதே.

சண்டைக் காட்சியில் சுவர் தட்டப்பட்டது. கூட்டுகிற சீவக்கட்டையால் இருக்க வேண்டும். சட்டிகள் குலுங்கின. பிறகு தகரத்தைப் பிளக்கிற மாதிரி ஒரு கூச்சல் –

"கொஞ்சம் கொறைங்க கிளாக்கரம்மா! எங்களுக்கும் காது போயிரப் போவுது!"

குறைத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

வந்தாள். படியில்தான் நின்றாள். வில்லன் செத்தது அநியாயம் என்றாள். அவன் செத்ததே எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரியும். கிணற்றில் விழுந்தான், பிறகு எழுந்தானா என்பது பிடிபடவில்லை. அதைச் சொல்லாமல், "ஆமாம், அநியாயம்" என்றேன்.

டிலானிக்குப் போன் பண்ணி, கருவி என்ன நிறத்தில் வரும் என்று கேட்டேன். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஆகஸ்டில் நாள் எடுக்கிறாளாம். பார்க்கலாம்.

ஜூலை 27, சனி

இதைப் படுக்கப் போவதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கதவு தட்டிய மாதிரி இருந்தது. திறந்தால் வீரம்மா. தலைக்கு மேலே ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி – குடை மாதிரிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் மழை சொட்டச் சொட்ட. தன் வீட்டு நாற்காலி.

நாற்காலியை முந்தானையால் துடைத்து, வாசல்படி ஓரமாகப் போட்டாள். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் இஸ்தோப்பில். உட்கார்ந்தாள். கதவைச் சாத்த முடியாமல் பனி முழுக்க உள்ளே வந்தது. படம் தொடங்கியது. முன்னரே போட்ட படம்தான், அந்தக் கோர்ட் காட்சி உள்ளது.

பத்து நிமிடத்தில் எனக்குத் தும்மல்.

"உள்ளே வாங்க, பனி வருது" என்றேன்.

நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

கோர்ட் காட்சியும் வந்தது. வெண்கலம் கூண்டில் ஏறி வாயைத் திறந்தான். வீரம்மா பாதி எழுந்துவிட்டாள்.

"யாரு இது?"

"அவன்தான். உன் – உங்க வில்லன்."

"இவனா?" திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "இந்த மொட்டத் தலையா? கருவாட்டுக் கடக்காரன் மாதிரி இருக்கானே! ஒரு வருசமா நான் ஒசரமா, மீச வச்சி... ஐயோ, இந்தச் சட்டிக்குள்ளயா அந்தக் கொரலு இருந்திச்சு?"

"முகம் கிடக்கட்டும், நடிப்பைப் பாருங்க."

"என்னாத்தப் பாக்குறது? எம் மனசே விட்டுப் போச்சு." ஆனால் பார்த்தாள். கண் எடுக்காமல் பார்த்தாள்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். நீதிபதியைப் பார்த்து ஏதோ ஒன்றைச் சொன்னான். கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. வீரம்மா மார்பில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு அவன் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் இவனுக்கும் பேசத் தெரியவில்லை என்று சொல்லியிருப்பேன்.

"என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

வீரம்மா திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. என் காதுப் பக்கம் சாய்ந்து, மலைச்சரிவில் ஆளுக்கு ஆள் கூப்பிடுவார்களே, அந்தக் குரலில் சொன்னாள்:

"'நான் கொன்னது என்னையத்தான்'னு சொல்றான்!"

சொல்லி முடிக்கவில்லை, சுவருக்கு மேலிருந்து கந்தப்பனின் குரல். என் காதுக்கே எட்டும்படி கத்தினார்.

"அப்படி இல்ல புள்ள! 'என்னையும்தான்'னு சொன்னான்! சரியாச் சொல்லு அம்மாவுக்கு!"

"நீங்க சும்மா கெடங்க!" என்று இவள் தகரத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஆளு மூஞ்சிய நீங்க பாத்தீங்களா?"

படம் முடிவதற்குள் இன்னும் ஐந்தாறு தரம் கேட்டிருப்பேன். ஒவ்வொரு தரமும் இருவரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள்.

நாற்காலியை அவள் திருப்பி எடுத்துப் போகவில்லை. மழை விடவில்லை என்றாள்.